முழு ஓய்வு

இனிமேல் இடது கையை அசைப்பதில்லை என்று தீர்மானித்தேன்.

தீர்மானம் எடுத்த இடம் ஆஸ்பத்திரி வராந்தா. நான் டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்துவிட்டேன். மருந்து வாங்கப் போன மனைவி இன்னும் திரும்பவில்லை. என் வாழ்க்கையில் நானாக எடுத்த தீர்மானங்கள் மிகக் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை அவள் எங்காவது வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது எடுத்தவை.

டாக்டர் சொன்னது இதற்கு நேர்மாறு.

"பேஸ்மேக்கர் வெச்ச இடத்துல தையல் நல்லா ஆறிடுச்சு. அதுலேருந்து நெஞ்சுக்குள்ள போன ஒயரும் உக்காந்த இடத்துல கெட்டியா இருக்கு. இனிமே தினம் நடங்க. இடது கையைக் கொஞ்சம் கொஞ்சமா மேல தூக்கிப் பழகுங்க. கனம் மட்டும் இப்போ வேண்டாம். கையை இப்படியே மடியில வெச்சுக்கிட்டு இருந்தீங்கன்னா தோள் இறுகிடும்."

"இறுகினா?"

"சட்டை போடக்கூட ஆள் வேணும். அப்புறம் உங்க வேலைக்கு எங்கேருந்து போறது? பயமா இருக்கா?"

"எனக்கென்ன பயம்?" என்றேன்.

ஒயரைப் பற்றி எதுவும் தெரியாதவர்கள் ஒயரை நம்புவார்கள். நான் லிஃப்ட் மெக்கானிக். மாடி உச்சியில் இருக்கும் மோட்டார் அறைகளில் என் ஆயுளின் பெரும்பகுதி போயிருக்கிறது. சும்மா கிடந்து அறுந்த ஒயர் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. எல்லாம் ஓடி ஓடி அறுந்தவை. அதுவும் நேராக இருக்கும் இடத்தில் அறுவதில்லை. வளைகிற இடத்தில் தேயும். ஒவ்வொரு இழையாகப் போகும். வெளியே பார்த்தால் உறை பளபளவென்றே இருக்கும்.

என் உடம்பில் அந்த ஒயர் வளைகிற இடம் தோளுக்கும் நெஞ்சுக்கும் நடுவில். கையைத் தூக்கினால் வளையும். இறக்கினால் நிமிரும். தூக்காவிட்டால் தேயாது. இதற்கு டாக்டர் படிப்பு தேவையில்லை.

மனைவி மருந்துப் பையுடன் வந்தாள்.

"என்ன சொன்னார்?"

"முழு ஓய்வு."

"கை?"

"அசைக்கவே கூடாதாம்."

"நடக்கறது?"

"பாத்ரூம் வரைக்கும் போகலாம்."

"எப்ப வரைக்கும் இப்படி?"

"அடுத்த செக்கப் வரைக்கும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் இடது கையைப் பார்த்தாள். அது ஏற்கெனவே ஓய்வில் இருந்தது.

"சரி," என்றாள்.

எதையும் ஒரே வார்த்தையில் ஒப்புக்கொள்கிற பெண் அல்ல அவள். அன்று நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் ஒருவன் பொய் சொல்லி அது எடுபட்டுவிட்டால் அந்தச் சந்தோஷத்தில் அவனுக்கு மூளை வேலை செய்வதில்லை.

அவள் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரிய கடை ஒன்றில் அலமாரித் தட்டுகளில் பொருள் அடுக்கும் பிரிவுக்கு அவள் மேற்பார்வையாளர். எந்த சோப்பு எந்தத் தட்டில், எந்த பிஸ்கட் எந்த மூலையில் என்பதெல்லாம் அவள் முடிவு. சாப்பிடும்போது அதைப் பற்றிச் சொல்லுவாள். "ஜனங்க தேடி வர்ற பொருளைக் கடைசி மூலையில வைக்கணும். அப்பத்தான் கடை பூரா நடப்பாங்க." நான் உம் கொட்டுவேன். லிஃப்டில் வேலை செய்கிறவனுக்கு சோப்புத் தட்டு எல்லாம் ஒரு விஷயமாகத் தோன்றுமா.

நாங்கள் குடியிருப்பது இரண்டாவது மாடியில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இதைச் சொன்னால் என் ஆபீஸில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அன்று சிரிக்கவில்லை. கீழ்வீட்டு ஹார்ன் அண்ணன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் என்று என்னைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏற்றினார்கள். ஹார்ன் அண்ணன் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எஞ்சின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. காதோடு காதாக அவர் சொல்வது மூன்றாவது மாடிக்குக் கேட்கும்.

"தம்பி, பயப்படாதே," என்று என் காதில் சொன்னார். மூன்றாவது மாடிக் கதவு திறந்து யார் பயப்படுவது என்று எட்டிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒரு பழைய துண்டைக் கிழித்து என் கைக்குத் தூளி கட்டினாள். அதில் கையைப் படுக்கவைத்தாள். முதல் இரண்டு நாள் சுகமாக இருந்தது. மூன்றாம் நாள் காலை பேப்பர் வரவில்லை.

"பேப்பர் எங்கே?"

"நிறுத்திட்டேன்."

"ஏன்?"

"படிச்சா உங்களுக்குப் படபடன்னு வரும். முழு ஓய்வுன்னாரே."

"அது கைக்கு."

"கைக்கு முழு ஓய்வு, நெஞ்சுக்கு அரை ஓய்வுன்னா சொன்னார்?"

சொல்லாத டாக்டரைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

அடுத்து டிவியின் ரிமோட் காணாமல் போனது. ஆபீஸிலிருந்து என்னோடு வேலை செய்கிற, லிஃப்டுக்கு கிரீஸ் போடும் கிரீஸ்காரன் பார்க்க வந்தான். வாசலிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பிவிட்டாள்.

"அவனை ஏன் உள்ள விடலை?"

"அவர் சிரிக்க வைப்பார். சிரிச்சா தோள் குலுங்கும்."

"குலுங்கினா?"

"ஒயர் என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்கதானே மெக்கானிக்."

ஒயர் பயம் எனக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்திருந்தேன். அவள் வாயிலிருந்து கேட்டபோது பகீரென்றது. அன்று முழுக்க மூச்சைக்கூட அளந்து விட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலைக்குப் போகும்போது அவள் என் நாற்காலியைச் சுவரைப் பார்த்துத்தான் திருப்பிப் போட்டிருந்தாள். ஜன்னல் பக்கம் இருந்தால் எட்டிப் பார்க்கத் தோன்றுமாம்.

ஒரு மனிதன் எத்தனை நேரம் சுவரைப் பார்ப்பான்? பூச்சு எங்கே வீங்கியிருக்கிறது, எங்கே ஆணி பிடுங்கி மூடியிருக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. நான் செத்துப்போகாமல் இருந்தேன் என்பது உண்மை. அதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை.

மிச்சமிருந்தது ரேடியோ. அதிலிருந்த பேட்டரிகளை அவள் கழற்றிவிட்டாள். "வீட்டுல ஒரு பேட்டரி ஓடறது போதும்," என்றாள். ஆனால் ரேடியோவை ஒளித்துவைக்கவில்லை. சமையலறையில் ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே, கடையில் கழித்துப்போட்ட இரும்புத் தட்டு ஸ்டாண்ட் ஒன்று இருந்தது. அதில் இடுப்பு உயரத் தட்டில் ரேடியோவை வைத்து, சுவரில் மேலே இருந்த பிளக்கில் சொருகிவிட்டாள்.

"சாயங்காலம் நான் வந்தப்புறம் மெதுவா வெச்சுக் கேக்கலாம். நீங்க தொடக் கூடாது."

அவள் போனதும் நான் சமையலறைக்குப் போனேன். பாத்ரூம் வரைக்கும் நடக்க எனக்கு அனுமதி உண்டு. சமையலறை அதைவிடப் பக்கம்.

ஸ்டாண்டுக்கு முன்னால் நின்று பார்த்தேன். லிஃப்ட் கிணற்றுக்குள் ஒரு சாண் இடைவெளியில் உடம்பை நுழைத்து வேலை பார்த்தவன் நான். இடைவெளி என்றால் எனக்குத் தெரியும். இது சரியான இடைவெளி அல்ல. வலது பக்கம் ஃபிரிட்ஜ் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. போன வாரம் அது அங்கே இல்லை. ரேடியோ தட்டின் உள்மூலையில் இருந்தது. பக்கவாட்டில் நின்று இடது கையை நீட்டினால் எட்டும். வலது கைக்கு வழியில்லை. வெளியே இழுக்கலாம் என்றால் ரேடியோவின் ஒயர் குட்டை.

வலது கையில் ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு, ஃபிரிட்ஜின் மேல் சாய்ந்து, கரண்டிக் காம்பால் ரேடியோவின் திருகை நெம்பினேன். ரேடியோ பேசியது. நன்றாகவே பேசியது. கரண்டி சறுக்கி, திருகு கடைசி வரை போய்விட்டது. கடலோரப் பகுதிகளில் பலத்த காற்று வீசும் என்று ஒரு பெண்மணி வீடே அதிரச் சொன்னார். கீழேயிருந்து அதைவிடப் பெரிய குரல் ஒன்று, "யாரது?" என்றது. ஹார்ன் அண்ணன்.

கரண்டி கீழே விழுந்தது. அதற்கப்புறம் நான் எதையும் தீர்மானிக்கவில்லை. பார்த்தால் ரேடியோ சத்தம் குறைந்து மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தது. அதன் திருகின் மேல் என் இடது கை இருந்தது. தூளி காலடியில் கிடந்தது.

நான் அப்படியே நின்றேன். சாகிறதற்குக் காத்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் எந்த இழை போகும், போனால் சத்தம் கேட்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வானிலை முடிந்தது. ஒரு பல்பொடி விளம்பரம் வந்தது. அதுவும் முடிந்தது. கையை மெதுவாக இறக்கி, தூளியை எடுத்து மாட்டி அதில் வைத்தேன். பிறகு ரேடியோவை அணைக்க வேண்டுமே என்று நினைவு வந்தது. திரும்பவும் எடுத்தேன்.

அன்றிலிருந்து தினமும் அவள் போனதும் ரேடியோ கேட்டேன். போட ஒரு முறை, நிலையம் மாற்ற ஒரு முறை, அணைக்க ஒரு முறை. ஒயர் மூன்று முறைதான் வளைகிறது, பரவாயில்லை என்று எனக்கு நானே சலுகை கொடுத்துக்கொண்டேன். அவளை ஏமாற்றுகிறோம் என்பதில் ஒரு தெம்பு. கல்யாணமான நாளிலிருந்து இந்தத் தெம்பு எனக்குக் கிடைத்ததில்லை.

ஒரு நாள் பார்த்தால் ரேடியோ ஒரு தட்டு மேலே போயிருந்தது.

"ஏன் மேல வெச்சே?" என்றேன் சாயங்காலம், பட்டும் படாமலும்.

"கீழ ஈரம் அடிக்குது. உங்களுக்கு என்ன அதைப் பத்தி?"

"எனக்கொண்ணும் இல்லை."

"கை எப்படி இருக்கு?"

"அசைக்கவே இல்லை."

"அப்படியே இருக்கட்டும்."

நெஞ்சு உயரத்தில் இருந்த ரேடியோவை எட்ட, தோளை உள்ளே கொடுக்க வேண்டியிருந்தது. முதல் நாள் சுள்ளென்று பிடித்தது. நாலு நாளில் பழகிவிட்டது. பழகியதும் ரேடியோ இன்னொரு தட்டு ஏறியது. இந்த முறை கரப்பான் பூச்சி காரணம். அவளுக்குக் கரப்பான் பூச்சி என்றால் பிடிக்காது, அதனால் நானும் நம்பினேன்.

இதற்கிடையில் ஒரு காலை ஹார்ன் அண்ணன் மாடிப்படியில் நின்று கூப்பிட்டார்.

"தம்பி, உன் பேப்பரை உன் வீட்டம்மா நம்ம வீட்டுக்கு மாத்திவிட்டிருக்கு. சும்மா கிடக்கே, வந்து படிக்கிறியா?"

"மெதுவாப் பேசுங்க அண்ணே."

"மெதுவாத்தான் பேசறேன்."

"நான் படியிறங்கக் கூடாது."

"யார் சொன்னா?"

"டாக்டர்."

"சரி, அப்ப வேண்டாம். ஒரு பக்கம் முழுக்க லிஃப்ட் விபத்துன்னு ஏதோ போட்டிருக்கான். நானே படிச்சுக்கறேன்."

நான் படிக்கட்டின் தலைப்பில் நின்றேன். எத்தனையோ கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோய், கருவிப்பெட்டியோடு படியேறியிருக்கிறேன். இந்தப் படிக்கட்டு அதன் பாதிகூட இல்லை. ஆனாலும் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டேன். நடுப்படியில் விழுந்தால் யார் பார்ப்பார்கள், அவளுக்கு யார் சொல்வார்கள், கடையில் எந்தத் தட்டின் முன்னால் நிற்கும்போது சொல்வார்கள் என்றெல்லாம் தோன்றியது. ஒரு படி இறங்கி நின்றேன். நெஞ்சைக் கவனித்தேன். அது தன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு படி.

கீழே போய்ச் சேர்ந்தபோது ஹார்ன் அண்ணன் பேப்பரை நீட்டினார். லிஃப்ட் விபத்து எந்தப் பக்கத்திலும் இல்லை.

"நேத்து பேப்பரா இருக்கும்," என்றார். "உக்காரு. நீ லிஃப்ட் ரிப்பேர் பண்ணி முடிச்சதும் என்ன பண்ணுவே? பூட்டிட்டு வந்துடுவியா?"

"இல்லை. ஆள் ஏத்தாம காலியா மேலயும் கீழயும் ஓட்டிப் பாப்போம்."

"நீயும் காலியாத்தானே இருக்கே. ஓடிப் பாக்க வேண்டியதுதானே?"

அவர் சிரித்ததில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் சிரிக்கவில்லை. தோள் குலுங்கக் கூடாது. ஆனால் அந்தக் கேள்வி மேலே ஏறும்போதும் கூடவே வந்தது. எத்தனை வருஷமாகச் செய்கிற வேலை. ஓட்டிப் பார்க்காத லிஃப்டை நான் யாரிடமும் ஒப்படைத்ததில்லை.

ஒரு வாரம் கழித்து ஹார்ன் அண்ணன் வீட்டுக்கு வெள்ளையடிப்பதாகச் சொன்னார். அதனால் பேப்பரை எடுத்துக்கொண்டு தெருமுனைப் பூங்காவில் உட்காருகிறாராம். நான் பூங்காவுக்குப் போனேன். பிறகு அங்கே வெயில் என்றார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிழலாக ஒரு சிமெண்டு பெஞ்சு இருக்கிறதாம். அதற்கும் போனேன். அவர் வீட்டுச் சுவரில் ஒரு சொட்டு சுண்ணாம்பும் இல்லை என்பதை நான் கவனித்தேன். வெள்ளையடிக்கிறவன் வரவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படி ஒரு மத்தியானம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, தெருவின் அந்தக் கோடியில் மனைவியின் குடை தெரிந்தது. கடையில் அன்று சீக்கிரம் விட்டிருக்கிறார்கள். நான் பின்சந்து வழியாக வேகமாக நடந்தேன். ஓடினேன் என்றே சொல்லலாம். படியை எப்படி ஏறினேன் என்று தெரியாது. தூளியைக் கழுத்தில் மாட்டி, கையைப் படுக்கவைத்து, நானும் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடவும் பூட்டில் சாவி திரும்பவும் சரியாக இருந்தது.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கட்டிலருகில் நின்றாள். நான் தூங்குகிறவனைப் போல மூச்சு விட முயன்றேன். வரவில்லை. நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டிருந்தது.

அவள் உட்கார்ந்தாள். பேஸ்மேக்கர் இல்லாத பக்கம் பார்த்து, என் நெஞ்சின் மேல் கையை வைத்தாள். எடுக்கவில்லை. ஓடிவந்த அடி ஒவ்வொன்றும் அந்த உள்ளங்கையில் போய் இடிப்பது எனக்கே தெரிந்தது. மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். இப்போது கேட்பாள். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் மூச்சு தணிகிறவரை அப்படியே இருந்தாள். நெற்றியில் இருந்த வியர்வையை முந்தானையால் ஒற்றிவிட்டு எழுந்து போனாள். சமையலறையில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கழுவ அங்கே பாத்திரம் எதுவும் கிடக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ரேடியோவில் ருசி குறைந்தது. அவள் என் ஓய்வுக்காக இத்தனை பாடுபடுகிறாள். வேலைக்கும் போய்க்கொண்டு, எனக்குத் தலை வாரிவிட்டு, சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டு. நானோ திருட்டுத்தனமாகத் தெருச் சுற்றுகிறேன். ஆரம்பத்தில் சொன்ன பொய் ஒன்று, அந்தப் பொய்யை மீறி நடந்துகொண்டிருந்தது இரண்டாவது. இதில் எதை ஒப்புக்கொண்டாலும் இன்னொன்று கூடவே வெளியே வரும். உண்மையைச் சொல்லி அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம், ஒயர் அறுந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்கிற தைரியத்தைவிடப் பெரியதாக இருந்தது. அது என்னிடம் இல்லை.

செக்கப் நாள் வந்தது. படியிறங்கும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினேன். நன்றாகவே வாங்கினேன்.

"மெதுவா," என்று முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "அவசரமே இல்லை. உக்காந்து உக்காந்து போலாம்."

கீழே ஹார்ன் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். "பாவம், ரொம்ப இளைச்சுட்டே தம்பி," என்றார். பிறகு ஏனோ சட்டென்று வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே யாரோ இருமுகிற மாதிரி சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு தையற்கடைக்காரர். அவருக்கும் பேஸ்மேக்கர் வைத்து ஒரு வருஷமாகிறதாம். பெருமையாகப் பேசினார்.

"ரொம்ப புத்திசாலி சார் இது. நாம எவ்வளவு நடந்தோம், எவ்வளவு சும்மா கிடந்தோம், எல்லாம் உள்ளயே பதிஞ்சு வெச்சுக்கும். நெஞ்சுக்கு மேல ஒரு கருவியை வெப்பாங்க. தினப்படி எல்லாத்தையும் திரையில வரிசையாக் காட்டிடும். டாக்டர்கிட்ட பொய்யே சொல்ல முடியாது."

தோலுக்கு அடியில் வைத்து இத்தனை நாள் நான் காப்பாற்றிய பொருள், என்னைப் பற்றி உளவு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில், மனைவியின் முன்னால், அது வாயைத் திறக்கும்.

"தாகமா இருக்கு," என்றேன் அவளிடம்.

"பாட்டில்ல தண்ணி இருக்கே."

"வெந்நீர் வேணும். கேண்டீன்ல கிடைக்கும்."

"உங்களைக் கூப்பிட்டுட்டா?"

"நான் போய்க்கறேன். நீ மெதுவாவே வா. ஆத்தி எடுத்துட்டு வா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு "சரி" என்று எழுந்து போனாள். என் பெயரைக் கூப்பிட்டார்கள். அதிர்ஷ்டம் என் பக்கம் என்று உள்ளே ஓடினேன்.

கருவியைப் பார்க்கிற பெண் என் நெஞ்சின் மேல் வட்டமாக ஒன்றை வைத்துத் திரையைப் பார்த்தாள். "முதல்ல ஒண்ணுமே இல்லை சார். படுத்தே இருந்திருக்கீங்க. அதுக்கப்புறம் பாருங்க, படிப்படியா ஏறிக்கிட்டே போகுது. இந்த ஒரு நாள் மத்தியானம் என்ன சார் பண்ணினீங்க, ஓடினீங்களா?"

"பஸ்ஸைப் பிடிக்க," என்றேன்.

டாக்டர் வந்தார். "இடது கையைத் தூக்குங்க."

தூக்கினேன். காதைத் தாண்டி, தலையைத் தாண்டி, கூரையைக் காட்டிக்கொண்டு அது நேராக நின்றது. அதை அந்த உயரத்தில் பார்த்து எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தட்டு தட்டாக ஏறியதில் எங்கே வந்து நிற்கிறோம் என்று நான் பார்க்கவே இல்லை. கண் கலங்கிவிட்டது. வெளிச்சம் நேராக முகத்தில் அடித்ததால் என்று வைத்துக்கொள்ளலாம்.

"பிரமாதம்," என்றார் டாக்டர். "திங்கட்கிழமையிலேருந்து வேலைக்குப் போகலாம். ஆனா உங்க மோட்டார், காந்தம் பக்கத்துல நின்னு பண்ற வேலை மட்டும் வேண்டாம். மேற்பார்வை பாருங்க, அதுக்கு சர்டிஃபிகேட் தர்றேன்."

"டாக்டர், ஒரு உதவி," என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "என் மனைவி வந்தா, இன்னிக்கு வரைக்கும் முழு ஓய்வுதான்னு நீங்க சொல்லியிருந்த மாதிரி சொல்லணும். இனிமேதான் அசைக்கலாம்னு. அவ மனசு கஷ்டப்படும். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

டாக்டர் என்னை வினோதமாகப் பார்த்தார்.

"உங்க மனைவிக்கா? போன தடவை நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கு சாயங்காலமே எனக்கு போன் பண்ணினாங்களே. நான் சொன்னதைச் சொன்னேன். அப்புறம், 'அவர் பயந்திருக்கார் டாக்டர், பயந்தவரைப் பிடிச்சுத் தள்ள முடியாது, நான் பொருளை நகர்த்திப் பாக்கறேன்'னாங்க. அதிலேருந்து வாரா வாரம் போன்."

"என்ன கேப்பா?"

"'டாக்டர், இனிமே அடுத்த தட்டுக்கு ஏத்தலாமா?'னு கேப்பாங்க. எனக்கு முதல்ல ஒண்ணும் புரியலை."

நான் கையை இறக்கினேன். அது இத்தனை நேரமும் மேலேயே இருந்திருக்கிறது.

வராந்தாவுக்கு வந்தேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்து, வெந்நீரை ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்கு ஆற்றிக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லாமல். நிமிர்ந்து பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இத்தனை நாள் நான் சுவரைப் பார்த்திருக்கிறேன், ரேடியோவைப் பார்த்திருக்கிறேன், அதைப் பார்க்கவில்லை.

எல்லாம் தெரியும் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் ஒரு ஆணுக்கு இவ்வளவு பெரிய தோல்வியை நின்ற இடத்திலேயே விழுங்க முடிவதில்லை. கடைசியாக ஒரே ஒரு ஆட்டமாவது நாம் ஜெயித்துவிடலாம் என்று தோன்றியது.

"என்ன சொன்னார்?" என்றாள்.

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டேன். "இன்னும் ஒரு மாசம் முழு ஓய்வாம்."

அவள் டம்ளரை என் இடது கையில் கொடுத்தாள்.

"அப்படின்னா உங்க ஆபீஸுக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லிடுங்க. திங்கட்கிழமை வர்றீங்கன்னு நான் போன வாரமே சொல்லிட்டேன்."